சிங்க முகத்தானுக்கு ஸ்தோத்திரம்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. கேரள எல்லையில் பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளையின் அடக்கத்துக்குப் போயிருந்தேன். ஆண்டவர் தம் தோட்டத்தில் அழகான பூவைத்தான் பறிப்பார் என்று போதகர் பேசினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் முன்னால் நின்று பேசுகிற பேச்சா இது?

அந்தக் குடும்பத்தை எழுத எனக்கு உரிமையில்லை. ஆகவே ஷீனாவை உண்டாக்கினேன். ரயில் நிலையத்துக்கு எதிரே போட்டோஸ்டாட் கடை நடத்துகிறவள். கணவன் சஜின் பெயின்ட் வேலைக்குப் போகிறவன். தலைமுறை தலைமுறையாக மிஷன் சபைக் குடும்பம். ஒரே மகன் ஜினு, ஒன்றாம் வகுப்பு.

[அவனைச் சாகடிக்க வேண்டும்.]

2

பொழியூர்க் கடல் அன்று ஜினுவை

வேண்டாம். கடலில் சாகடிப்பது ரொம்ப மலிவான வேலை. காய்ச்சல் என்று வைத்துக்கொண்டேன். டீயை ஆற்றிக் குடித்தபடியே முடிவு செய்தேன். ஜினு செத்துப்போனான்.

3

அடக்கத்துக்குப் பிறகு ஷீனா ஒரு கனவு கண்டாள். சபையின் பிரசங்க பீடத்தில் சிங்க முகமும் பாம்பு உடம்புமாக ஒருவன். கண்ணில் பார்வை இல்லை. தனக்கு மேலே யாருமே இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். சபை முழுக்க ஆமென் போடுகிறது.

(ஓர் அடிக்குறிப்பு, பக்கத்தின் அடிவரை காத்திருக்கப் பொறுமையில்லை. பழங்காலத்தில் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே ஞானவாதிகள் என்று ஒரு கூட்டம் இருந்தது. இந்த உலகத்தைப் படைத்தவன் உண்மையான தகப்பன் அல்ல, தனக்கு மேலே ஒளி இருப்பதே தெரியாத குருடன் என்றார்கள். அவனைச் சிங்க முகப் பாம்பாகத்தான் அவர்களும் கண்டார்கள். ஷீனா இதையெல்லாம் வாசித்தவள் அல்ல. மனசின் அடியாழத்தில் கிடப்பது வாசித்தா வருகிறது? இருந்தாலும் எனக்குச் சந்தேகம்தான். கனவு அவளுடையதா, நான் திணித்ததா?)

4

இந்தச் சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் நல்லது நடந்தால் ஸ்தோத்திரக் காணிக்கையைக் கவரில் போட்டு, காரணத்தையும் எழுதிக் கொடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அதை வாசிப்பார்கள். பரீட்சையில் ஜெயித்ததற்கு, விசா வந்ததற்கு, ஆபரேஷன் நல்லபடி முடிந்ததற்கு.

ஜினுவை அடக்கம் செய்த அடுத்த ஞாயிறு, சபைச் செயலாளர் பொன்னையன் மலையாளத்தில் வாசித்தார். தமிழில் இப்படி வரும்: சஜின் குடும்பம். மகன் ஜினுவின் அடக்கம் மழை இல்லாமல் நல்லபடி முடிந்ததற்காக ஸ்தோத்திரம்.

கவரை எழுதிக் கொடுக்கும் முன் சஜின் ஷீனாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காணிக்கை போடாவிட்டால் ஆண்டவரோடு பிணக்கு என்று சபை பேசும், அதுதான் அவன் பயம். அழுது வீங்கிய முகத்தோடுதான் அவனும் உட்கார்ந்திருந்தான். அதற்காக அவனை மன்னிக்க என்னால் ஆகாது.

ஷீனா பெண்கள் வரிசையில் எழுந்து நின்றாள்.

"மழைய நிறுத்துனவருக்கு காய்ச்சல நிறுத்த அறியாதாக்கும்?"

சஜின் ஓடிவந்து கையைப் பிடித்தான். "எல்லாரும் பாக்கியாவ, இரி."

"பாக்கட்டு. அந்தப் பீடத்துல இருக்கியது தகப்பன் இல்ல. அதுக்குக் கண்ணு கெடையாது."

5

முடிவு ஒன்று: போதகர் ஜெபிக்கிறார், ஷீனா அழுது தெளிகிறாள். எழுதிப் பார்த்தேன், எனக்கே அருவருப்பாக இருந்தது.

முடிவு இரண்டு: அவள் சபையை விட்டு வெளியேறி, தன்னுள்ளே புதைந்திருந்த ஒளியை

சீ.

முடிவு மூன்று: விடிகாலையில் காய்ச்சல் இறங்கியது. ஜினு கஞ்சி கேட்டான்.

எழுதிவிட்டேன். எனக்கு எவ்வளவு சுலபம் பாருங்கள். ஷீனா சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் பீடத்தை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அவனத் திருப்பித் தர உமக்கு ஒரு வரி போருமெங்கில், பின்ன எதுக்கு எடுத்தீரு?"

எனக்கு மேலேயும் ஆள் உண்டு என்பது அப்போதுதான் உறைத்தது. வாசிக்கிற நீங்கள். என்னிடம் இருக்கும் ஒரே பதில், கதைக்கு ஒரு சாவு வேண்டியிருந்தது என்பதுதான். அதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் இன்னும் உட்காரவில்லை. உங்களுக்கு வாய் வருமானால் நீங்கள் சொல்லுங்கள்.