மூன்று மணி மல்யுத்தம்

அந்த வட்டாரத்துத் தொலைபேசிக் கம்பிகள் முப்பது வருஷமாகப் பேச்சை மட்டும் சுமந்தவை. திடீரென்று ஒருநாள் கம்பெனி அவற்றின் தலையிலேயே டிவியையும் இண்டர்நெட்டையும் ஏற்றியது. வீடு வீடாகப் போய் மாட்டுகிற வேலை லைன்மேன் தலையில் விழுந்தது.

அப்படித்தான் அவர், ஓய்வு பெற்ற சிறைக் காவலர் ஒருவரின் வீட்டுக்குப் போக நேர்ந்தது. காவலர் வேலையை விட்டாரே தவிர, வேலை அவரை விடவில்லை. ஊசி போட வந்த டாக்டரையே தடவிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே அனுப்பியவர். மருமகள் வந்து இறங்கிய அன்று அவள் பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே இருந்த ஊக்குகள் வரை எண்ணி எழுதி வைத்தார். அவருக்கு டிவி தேவைப்பட்டது தினமும் மூன்று மணிக்கு வரும் மல்யுத்தத்துக்காக.

லைன்மேன் டிவிக்கான பெட்டியை மாட்டினார், படம் வந்தது. பாக்கி ஒரே ஒரு ஃபில்டர். கட்டைவிரல் அளவுதான், போனுக்கும் சுவருக்கும் நடுவே செருகினால், போன் பேசினாலும் படம் நிற்காது. அதற்குள், வெளியே ஏணியை எடுக்கப் போனவரை வாசலில் மறித்துப் பையைத் தரையில் கொட்டினார் காவலர். தெருவே வேடிக்கை பார்த்தது.

"இது யாரோடது?" என்று ஃபில்டரை உருட்டிக் காட்டினார்.

லைன்மேனுக்குச் சுருக்கென்றது. "எங்க ஆபீசோடதுங்க."

"அப்ப எடுத்துட்டுப் போ."

அவரும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் மூன்று மணிக்குப் போன் அடித்தது. கயிற்றின் மேலிருந்து பாய்ந்த பயில்வான் அந்தரத்திலேயே நின்றுவிட்டான். மருமகள் பேசி முடிக்கும்வரை, அரை மணி நேரம், இறங்கவே இல்லை. காவலர் கம்பெனிக்குப் புகார் கொடுத்தார். வந்து பார்த்த லைன்மேன், ஃபில்டர் ஸ்டாக் இல்லை என்று கூசாமல் சொன்னார்.

மருமகள் அவரிடம் தனியாகக் கெஞ்சினாள். அம்மா வெளியூர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். வார்டில் நோயாளிகள் கையில் போனைக் கொடுப்பது மூன்று மணிக்கு மட்டும்தான். வீட்டில் இருக்கிற ஒரே செல்போனும் அந்நேரம் புருஷனோடு வேலைக்குப் போயிருக்கும். லைன்மேனுக்கு மனசு இளகத்தான் செய்தது. ஆனால் திரும்பும்போது வாசலில் மறுபடி பையைக் கொட்டினார் காவலர். இளகியது இறுகிவிட்டது.

காவலரே ஒரு வழி கண்டுபிடித்தார். போன் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார். பதினொரு நாள் மல்யுத்தம் தங்குதடையின்றி நடந்தது.

பன்னிரண்டாம் நாள் மருமகளின் தம்பி நேரில் வந்தான். வீட்டுக்குள் காலெடுத்து வைக்க மறுத்து, கேட்டிலேயே நின்று சொன்னான்.

"மணி அடிக்குது, எம்பொண்ணு எடுக்க மாட்டேங்கிறாளேன்னு எட்டு நாள் அம்மா கேட்டுக்கிட்டே கெடந்தாங்க. நானும் அடிச்சுப் பாத்தேன். நீயே எடுக்கலன்னு மச்சானுக்கும் சொல்லி விடல. அம்மா போயி, எல்லாக் காரியமும் ஆயிடுச்சுக்கா."

செய்தி காதில் விழுந்ததும் லைன்மேன் ஃபில்டரோடு ஓடி வந்தார். சுவரோரம் குந்தினார்.

"இது எப்ப வந்துச்சுண்ணே?" என்றாள் மருமகள்.

அவர் ஃபில்டரைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

"மொத நாளே இருந்துச்சா?"

ஆமென்று தலையை ஆட்டினார். அவள் அழவில்லை.

"மாட்டாதீங்க."

போன் வயரை அவளே சுவரில் செருகி, மிச்சத்தைத் தன் மணிக்கட்டில் நாலு சுற்றுச் சுற்றினாள். மணி மூன்றானதும் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள். மறுமுனையில் யாரும் இல்லை, வெறும் இரைச்சல். உள்ளே படம் நின்றது. காவலர் பாய்ந்து வந்தார். மருமகளின் கையைப் பிடித்து இழுக்கத் துணிவில்லாமல் பாதியில் நின்றார்.

"அம்மாகிட்ட பேசிட்டிருக்கேன் மாமா," என்றாள். "இனிமே தினமும் பேசுவேன்."

அவர் லைன்மேனிடம் திரும்பினார். "ஏம்பா, அந்த ஃபில்டர் எப்பத்தான் வரும்?"

மருமகள் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல் லைன்மேனைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் வாராவாரம் இந்த வீட்டுப் புகாருக்கு வந்து, இதே பொய்யை இவள் முன்னால் சொல்லியாக வேண்டும். ஃபில்டரை உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டார்.

"ஸ்டாக் இல்லீங்க," என்றார்.