பட்டிப்பூப் பாத்தி

கல்லடிக் கடற்கரையில் கட்டும் பூங்காவுக்குப் பூக்கன்று தெரிவு செய்ய வந்த உத்தியோகத்தர் மதுரன், ஜோசப்பினின் கன்று வளர்க்கும் வளவில் ஐந்தே நிமிடம்தான் நின்றான். அவளுடைய ஐந்து வருட உழைப்பை எடுத்தெறிந்து பேச அது தாராளமாகப் போதுமாயிருந்தது.

“இதென்னம்மா, பட்டிப்பூ? சவக்காலையில கல்லறைக்குக் கல்லறை நிக்கிற பூவைக் கொண்டுபோய் பார்க்கில நடச் சொல்லுறீங்களா? சனம் பயந்து ஓடிரும்.”

“இந்த வெயிலுக்கு இதுதான் சேர் நிக்கும்.”

“நான் நுவரெலியாவுக்குச் சொல்லிட்டன். பெட்டூனியா வருது. படம் பார்த்தீங்களெண்டா விடமாட்டீங்க.”

அவன் போன பிறகும் ஜோசப்பினுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. குளிர் மலையில் வளர்ந்த கன்றைப் படம் பார்த்துத் தெரிவு செய்கிறானாம்! ஆடி மாதத்துக் கச்சான் காற்று மேற்கிலிருந்து அனலை வாரிக்கொண்டு வரும்போது படத்தையா நட்டு வைப்பான்? அவள் எந்தக் கன்றையும் வெறும் கண்ணால் பார்த்துத் தெரிவு செய்ததில்லை. ஏழு நாள் வெட்டவெளி மணலில், மறைப்பு இல்லாமல் வைப்பாள். சுனாமிக்குப் பிறகு உவர்த்துப்போன கிணற்றுத் தண்ணீரைப் பொழுதுபடும் நேரத்தில் மட்டும் ஊற்றுவாள். எட்டாம் நாள் எது நிமிர்ந்து நிற்கிறதோ அதுதான் விற்பனைக்கு. காசித்தும்பை மூன்றாம் நாளே தலையைத் தொங்கப்போட்டது. வாடாமல்லியும் பத்துமணிப்பூவும் தாக்குப்பிடித்தன. நித்தியகல்யாணி என்கிற பட்டிப்பூ மட்டும் ஒன்றுமே நடக்காதது போல ஏழு நாளும் பூத்தது.

பூங்காவில் வரப்போகும் அந்தப் பாத்தியில் பூ நிற்கவேண்டும். அவளுக்கு வேறொன்றும் வேண்டாம்.

கடல் வந்துபோன மூன்றாம் நாள், மண் வெட்டும் இயந்திரம் தோண்டிய ஒரு குழியில் முப்பத்தொரு பேரோடு அவளுடைய மகள் டினுஷாவையும் வைத்து மூடினார்கள். ஒன்பது வயது. மேலே நட்ட மரச்சிலுவையைப் பிறகு வந்த சண்டைக் காலத்தில் யாரோ அடுப்பெரிக்கப் பிடுங்கிவிட்டார்கள். போன வருடம் யுத்தம் முடிந்தது, பாதை திறந்தது, தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் கடல் பார்க்க வந்து இறங்கியது. உடனே பூங்கா வேண்டுமாம். அந்த இடத்தைப் பற்றி மாநகரசபைக் கந்தோரில் மெல்ல விசாரித்தாள். அங்கே யாரையும் அடக்கியதாகப் பதிவே இல்லையென்று சொல்லிவிட்டார்கள். விபரம் சொன்னால் கிண்டி எடுத்து எங்காவது கொண்டுபோவார்கள் என்று பயந்து வாயை மூடிக்கொண்டாள். பிறகு, கன்று பார்க்க வருமுன்பே ஒருநாள் மதுரன் பூப்பாத்திக்கு எந்த இடம் நல்லது என்று கேட்டபோது, மண் நல்ல மண் என்று பொய் சொல்லி அந்த இடத்தைத்தான் காட்டினாள். பூப்பாத்திக்குள் யாரும் கால் வைக்கமாட்டார்கள் அல்லவா?

பெட்டூனியா வந்தது. லொறியால் இறக்கும்போது அழகாகத்தான் இருந்தது. நட்டு, உச்சி வெயிலில் பவுசர் வண்டித் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். வெயிலில் நின்ற பவுசருக்குள் தண்ணீர் கொதித்தது. ஒவ்வொரு பின்னேரமும் போய்ப் பார்த்த ஜோசப்பின் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினாள். ஐந்தாம் நாள் எல்லாம் அவித்த கீரையாகிவிட்டது.

ஆறாம் நாள் போனபோது, பாத்தி ஓரத்தில் சிமெந்துக் கல் அடுக்கியிருந்தது. ஒருவன் மண்ணை இறுக்க இடிகட்டையோடு நின்றான்.

“பூ சரிவராதம்மா,” என்றான் மதுரன். “நாளையிண்டைக்குத் திறப்பு விழா. கல்லைப் பதிச்சு ஐஸ்கிறீம் வண்டிய நிப்பாட்டப்போறம்.”

இடிகட்டை மேலே போனது. ஜோசப்பின் பாய்ந்து அதைப் பிடித்தாள்.

“ஆர்ர நெஞ்சில இடிக்கப்போறாய்?”

எல்லோரும் திகைத்து நின்றார்கள். அவள் மதுரனிடம் திரும்பினாள். மரியாதையெல்லாம் பறந்துவிட்டது.

“சவக்காலைப் பூ எண்டு சொன்னாய். இது என்ன இடமெண்டு நினைச்சாய்? முப்பத்திரெண்டு பேர் கிடக்காங்க இதுக்குக் கீழ. என்ட புள்ளயும் கிடக்காள்.”

மதுரனுக்கு முகம் வெளிறியது. “ஏன் முதலே சொல்லல்ல?”

“சொன்னா? கிண்டி எடுத்து லொறியில ஏத்துவீங்க. அவளை மூணு நாளாத் தேடித்தான் கண்டுபுடிச்சன். இன்னொருக்காத் தேடச் சொல்லுறயா? ஏலாது எனக்கு. என்னையும் சேத்து இடிச்சுப்போட்டுக் கல்லைப் பதி!”

அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. இடிகட்டைக்காரன் தானாகவே அதைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றான்.

மதுரன் வேலையாட்களிடம் திரும்பி, “கல்லைத் திருப்பி ஏத்துங்க,” என்றான். பிறகு அவளைப் பார்க்காமலே கேட்டான். “அம்மா, அந்தப் பட்டிப்பூவைத் தருவீங்களா? ஆருக்கும் ஒண்டும் சொல்லமாட்டன். நானே நடுறன்.”

அவள் திரும்பி நடந்தாள். வீட்டுக்குப் போய்த் தள்ளுவண்டி நிறையக் கன்று கொண்டுவந்தாள். அவன் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு பாத்திக்குள் காலைத் தூக்கினான்.

“சப்பாத்தைக் கழட்டு.”

கழற்றினான். காலுறையையும் கழற்றினான். பகல் முழுக்கக் காய்ந்த மணலில் கால் பட்டதும் துள்ளினான்.

“சுடுதா?” என்று கேட்டாள் ஜோசப்பின்.

“ஓம், அம்மா.”

“சுடட்டும். நடு.”