பாதிக் கோடு

"எத்தனை நாளா இவங்களுக்கு மூச்சு வாங்குது?" என்று டாக்டர் கேட்டார். என்னைவிட நாலைந்து வயது கூட இருந்தால் அதிகம். கேஸ் ஷீட்டில் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். அப்பா என்னைப் பார்த்தார். நான் தம்பியைப் பார்த்தேன். கலையரசன் கட்டிலுக்கடியில் இருந்த பிளாஸ்டிக் கூடையைப் பார்த்தான். ஒரே வீட்டில் இருக்கிற மூன்று பேர். ஒருத்தருக்கும் தெரியவில்லை.

"நேத்து சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணி காட்டிகினு இருந்தா மேடம். அப்பிடியே உக்காந்துட்டா" என்றார் அப்பா.

"நேத்து விழுந்தாங்க, அது சரி. அதுக்கு முன்னாடி? இதயம் வீங்கியிருக்கு. இது ஒரு நாள்ல ஆவுறது இல்ல. எப்ப ஆரம்பிச்சுதுன்னு தெரிஞ்சா எங்களுக்கு உதவியா இருக்கும். யோசிச்சுச் சொல்லுங்க."

அம்மாவைக் கேட்கலாம் என்றால் மூக்கும் வாயும் ஆக்ஸிஜன் மாஸ்க்குக்குள் இருந்தன. கண் பாதி திறந்திருந்தது. அந்த நேரத்தில் எனக்கு அம்மா மேல்தான் கோபம் வந்தது. வாயைத் திறந்து சொன்னால் என்ன? எதைத்தான் சொல்லியிருக்கிறாள் இவள்? பிறகுதான் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டு பீரோவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ஆகஸ்ட் மாதத்துக்கு முப்பத்தொரு கட்டம். அம்மா எந்த நாள் நடந்தாள், எந்த நாள் நடக்கவில்லை என்று அதில் இருக்கும். நடக்காத நாள்தான் உடம்பு முடியாத நாள். மாற்றுத்துணி எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

அந்தத் தாள் என் வேலை. நாவலூரில் நான் வேலைக்குச் சேர்ந்த ஆபீஸில் மாதா மாதம் டார்கெட் எழுதி வாங்குவார்கள். ஆனால் நான் இதைக் கற்றுக்கொண்டது ஆபீஸில் இல்லை. தொண்ணூற்று நாலில் அம்மா கல்பாக்கம் டவுன்ஷிப்பில் நரசிம்மன் சார் வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். லீவு நாளில் என்னையும் கூட்டிப்போவாள். அந்த வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் இருக்கும். மாதப் பெயர் மேலே, வீட்டு ஆட்கள் பெயர் கீழே. சாருக்கு தினம் நாற்பது நிமிட வாக்கிங். மேடத்துக்கு வீணையில் புதுப் பாட்டு ஒன்று. அவர்கள் பெண் சஹானாவுக்குப் பதினாறாம் வாய்ப்பாடு. அவளும் என்னைப் போல நாலாவது. அவள் அதை முடித்த மாதம் மகாபலிபுரத்துக்குக் கூட்டிப்போய் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார்கள். அவள் முடிப்பதற்கு ஒரு வாரம் முன்பே அந்த வாய்ப்பாட்டை நான் மனப்பாடம் செய்து, சமையலறையில் நின்று அம்மாவிடம் ஒப்பித்தேன். "கம்முனு இருடி, மேடம் தூங்குறாங்க" என்றாள் அம்மா. மேடம் தினமும் மத்தியானம் தூங்குவார். என் பெயர் எழுதிய தாள் எங்கேயும் இல்லை என்பதுதான் அன்றைக்கு என் வயிற்றெரிச்சல்.

இந்த வருடம் ஜூன் மாதம் ஆபீஸ் பிரிண்டரில் கட்டம் போட்டு எடுத்து வந்தேன். ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் உட்கார வைத்தேன். அப்பா திருவேங்கடம் டிராக்டர் ஓட்டுகிறவர். அவருக்கு பீடியை நாளுக்கு மூன்றாகக் குறைப்பது. கலையரசனுக்கு பாலிடெக்னிக் அரியர் இரண்டு பேப்பர். "உனக்கு இன்னாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டாள். "எனுக்கு இன்னா... மத்தியானத்துல அரை மணி நேரம் படுக்கணும்."

எல்லோரும் சிரித்தோம். "படுக்கறதெல்லாம் ஒரு டார்கெட்டாம்மா?" என்றேன். "எதனா வளர்ற மாதிரி சொல்லு." அவளும் சிரித்தாள், தப்பாகப் பேசிவிட்ட சின்னப் பிள்ளை மாதிரி. நானே எழுதினேன்: 'சாரதாம்பாள், தினமும் காலை அரை மணி நேரம் நடைப்பயிற்சி.'

"புல்லறுக்க ஏரிக்கரைக்கும் வூட்டுக்கும் டெய்லி நடக்குதே, அது இன்னா டான்ஸா?" என்றான் கலையரசன்.

"அது வேலைடா. இது உடம்புக்கு. நாலெழுத்து படிச்சிருந்தா உனுக்குத் தெரியும்."

நான் பட்டதாரி. எங்கள் தெருவிலேயே முதல் டிகிரி. நான் சொன்னால் எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. அந்தத் திமிரை நான் உழைத்துச் சம்பாதித்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஜூலையிலும் அம்மா அதையே கேட்டாள், படுக்கணும் என்று. அப்போதும் நடையே எழுதினேன். ஆகஸ்டில் கேட்டபோது, "நீயே எய்திக்கோ கண்ணு" என்று அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அம்மாவுக்கு எழுத வராது. டிக் போட நான்தான் சொல்லித்தந்தேன். கீழே கொஞ்சம் இழு, அப்புறம் மேலே நீளமாகத் தூக்கு. பீரோ கைப்பிடியில் நூல் கட்டி ஒரு பென்சில் தொங்கவிட்டேன். ஜூன், ஜூலை முழுக்க அழகாகப் போட்டாள். ஆகஸ்ட் நடுவில்தான் கெட்டது. சில கட்டங்களில் கீழே இழுத்த சின்னக் கோடு மட்டும் இருந்தது, மேலே தூக்காமல். ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டுக் கத்தினேன். "ரெண்டு மாசம் ஒழுங்கா போட்ட இல்ல? இப்ப இன்னா அவசரம்? ஒரு வேலையை முழுசா செய்யத் தெரியாதா உனுக்கு?" அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அதற்குள் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவை எடுத்து, அவள் விட்ட வால்களையெல்லாம் வரிசையாக மேலே இழுத்து முடித்தேன். அடுத்த ஞாயிறும் அப்படியே. போன ஞாயிறும்.

பூட்டைத் திறந்து நேராக பீரோவுக்குப் போனேன். ஒன்றாம் தேதியிலிருந்து இருபத்தெட்டு வரை ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. விழுந்த நாள் காலையிலும் நடந்திருக்கிறாள். எனக்கு மூச்சு வந்தது. அப்படியென்றால் நேற்றுத்தான் ஏதோ ஆகியிருக்கிறது. நாங்கள் கவனிக்காமல் விடவில்லை. டாக்டரிடம் காட்டலாம் என்று தாளைக் கிழியாமல் உரித்து, அம்மாவின் இரண்டு புடவைகளுக்கு மேலே பையில் வைத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன்.

ஸ்டாப்பில் லட்சுமணன் அண்ணன் நின்றிருந்தார். பக்கத்துத் தெருக்காரர், கல்பாக்கத்தில் டெக்னீஷியன். மத்தியான ஷிப்டுக்கு ஸ்டாஃப் பஸ்ஸுக்காகக் காத்திருந்தார்.

"அக்கா எப்பிடிம்மா கீது?"

"ஆக்ஸிஜன் வெச்சிருக்காங்கண்ணா."

"நெனச்சேன்." அவர் தலையை ஆட்டினார். "காலை ஷிப்டுல போவும்போது பாப்பேனே. அதோ அந்தப் பாலத்துக் கட்டையில உக்காந்துகினு இருக்கும். மொதல்லல்லாம் இந்த ஸ்டாப்பு வரைக்கும் வந்து திரும்பும். அப்பால அங்கயே உக்காந்துட்டு, இடுப்புல கை வெச்சிகினு, அப்பிடியே வூட்டுக்குப் போவும். இன்னாக்கா பேட்டரி டவுனான்னு கேட்டேன் ஒரு நாளு. பாதி வந்தா பாதிக் கோடுதான் போடணும், எம்பொண்ணுக்கு பொய்க் கணக்கு காட்டக்கூடாதுன்னு சொல்லிச்சு. சொல்லிட்டு சிரிக்குது, மூச்சு விட முடியாம."

"எங்ககிட்ட ஏண்ணா சொல்லல?"

"நீதான் எல்லாத்தையும் எய்தி வெச்சிகினு பாக்குறியாமே. வூட்ல தெரியும்னு இருந்துட்டேம்மா."

ஸ்டாஃப் பஸ் வந்தது. அவர் ஏறிப் போய்விட்டார். பாலத்தைப் பார்த்தேன். எங்கள் வீட்டிலிருந்து ஸ்டாப்புக்குச் சரியாகப் பாதி தூரம். கட்டை மேல் யாரோ புல்லுக்கட்டை இறக்கி வைத்திருந்தார்கள்.

செங்கல்பட்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தாளை மடியில் விரித்தேன். இப்போது படிக்கத் தெரிந்தது. எங்கெல்லாம் சிவப்பு வால் இருக்கிறதோ அங்கெல்லாம் அம்மா பாலத்தோடு திரும்பியிருக்கிறாள். முதல் சிவப்பு ஒன்பதாம் தேதி. நடுவில் மூன்று நாள் முழு டிக், பென்சிலிலேயே. என்ன பாடுபட்டாளோ அந்த மூன்று நாளும். பதினேழிலிருந்து எல்லாம் சிவப்பு. என் கையெழுத்து அவ்வளவு திருத்தமாக இருந்தது. கடைசி இரண்டு நாளுக்கு மட்டும் நான் இன்னும் கை வைக்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை வைத்திருப்பேன். அந்த இரண்டு கோடுகளும் மற்றவற்றைவிடச் சின்னதாக இருந்தன. பாலம் வரைக்கும்கூடப் போயிருக்க மாட்டாள்.

நரசிம்மன் சார் வீட்டு ஃபிரிட்ஜில் இருந்த தாளை அம்மாவும் நானும் சேர்ந்துதான் பார்த்தோம். நான் எழுத்தைப் படித்தேன், அவளுக்குப் படிக்க வராது. அவள் பார்த்தது, மத்தியானம் மின்விசிறிக்குக் கீழே காலை நீட்டிப் படுத்திருந்த ஒரு பொம்பளையை. மூன்று மாதத்தில் இரண்டு தரம் கேட்டாள். அரை மணி நேரம்.

வார்டில் அப்பா சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். காதுக்குப் பின்னால் பற்ற வைக்காத பீடி. "இன்னிக்கி ஒண்ணுகூட குடிக்கலம்மா" என்றார் என்னைப் பார்த்ததும். அதையும் எனக்குக் கணக்குச் சொன்னார். எனக்குப் பளாரென்று என்னையே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

டாக்டரிடம் போனேன். "ஒன்பதாம் தேதியிலேர்ந்து மேடம். இருவது நாளா."

"நிச்சயமாவா?"

"எழுதி வெச்சிருக்கு."

அவர் தாளைக் கேட்கவில்லை. ஒன்பது என்று குறித்துக்கொண்டார். "இவ்ளோ நாளா இருக்குதுன்னா..." என்று ஏதோ சொல்ல வந்து நிறுத்தினார். "பாக்கலாம். இன்னிக்கி ராத்திரி தாண்டட்டும்" என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

மத்தியானம் இரண்டு மணி. அம்மா படுத்திருந்தாள். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றியது. நான் ஸ்டூலை இழுத்துப்போட்டு அவள் கையை என் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டேன். புல் அறுத்துக் காய்த்த விரல்கள். "அம்மா, படுத்துக்கோம்மா, நீ எழுந்துக்கவே வேணாம்" என்று சொல்லவந்து, அந்த வார்த்தை எப்படிக் கேட்கும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

அம்மா கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் அவள் சுட்டுவிரல் அசைந்தது. என் உள்ளங்கையில் நகம் பட மெல்ல, மிக மெல்ல, கீழே ஒரு சின்னக் கோடு இழுத்தது. அங்கேயே நின்றது.

நான் கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு, அந்த விரல் மேலே போவதற்காகக் காத்திருந்தேன்.