வீசெல் ஓடையில் ஒட்டிலி பேசாத காலை

வீசெலை ஆறு என்று சொன்னால் ஓபர்ஹைட் ஊர்க்காரர்களைத் தவிர எல்லோரும் சிரிப்பார்கள். குன்றடிச் சதுப்பில் பிறக்கிறது. பிறந்த கையோடு மரம் அறுக்கும் ஆலைச் சக்கரத்தை நாலு சுற்று சுற்றிவிட்டு, பீர் காய்ச்சும் வீட்டின் கொல்லைப்புறமாகப் பதுங்கி நடந்து, பள்ளிக்கூடத்துக்கு அடியில் ஒளிந்து, புல்வெளிக்கு வந்து சேர்கிறது. பிறகு ரெக்னிட்ஸ் ஆற்றில் விழுந்து காணாமல் போய்விடுகிறது. முன்னூறு வருஷத்துக்கு முன்பு ஸ்வீடன் நாட்டுப் படை வந்து குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டிய காலத்திலேயே இந்தத் தண்ணீருக்காக ஊருக்குள் சண்டை இருந்ததாம். படை போய்விட்டது. சண்டை மட்டும் போகவில்லை.

சண்டையெல்லாம் முறைத் தண்ணீருக்குத்தான். புல்வெளிக்கு மேலே ஒரு மதகு. இடது பலகையைத் தூக்கினால் தண்ணீர் ஒட்டிலியின் வாய்க்காலுக்கு, வலது பலகையைத் தூக்கினால் கிளெமென்ஸின் வாய்க்காலுக்கு. ஞாயிறு காலை ஐந்து மணி வரை அவள் முறை, அதற்கு மேல் அவன் முறை. ரொட்டிக்கடையில் வியாபாரம் பார்த்தபடி நாள் முழுக்கப் பேசுகிற ஒட்டிலிக்கும், ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற கிளெமென்ஸுக்கும் ஒரு நிமிஷம் முன்னே பின்னே ஆனாலும் சண்டை ஊர் முழுக்கக் கேட்கும். பெரும்பாலும் ஒட்டிலியின் குரல்தான் கேட்கும்.

அந்த ஈஸ்டருக்கு ஒட்டிலிக்கு வேறு கவலை. தங்கை ரோஸ்விதாவின் மகள் ரெகினாவுக்கு அன்று ஞானஸ்நானம். ஞானத்தாய் ஒட்டிலி. ஊர் வழக்கப்படி ஞானத்தாய்தான் பொழுது விடியும் முன் தங்கள் வாய்க்காலில் ஓடுகிற தண்ணீரை மொண்டு வரவேண்டும். வீட்டை விட்டுக் கிளம்பித் திரும்பி வரும்வரை ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசினால் அது வாயாடித் தண்ணீர். நாலு வருஷம் முன்பு மூத்தவன் பென்னோவுக்குத் தண்ணீர் மொள்ளப் போனவள், வழியில் ஒரு நாயைத் திட்டிவிட்டாள். அந்தத் தண்ணீரைத்தான் ஊற்றினார்கள். பென்னோ இன்றுவரை வாயை மூடவில்லை.

"மதினி, இந்தத் தடவையும் நாய் வரும். பாத்துக்குங்க," என்றான் ரோஸ்விதாவின் கணவன் ஃபைட்.

ரோஸ்விதா சிரிக்கவில்லை. "அக்கா, நீ பேசிட்டேன்னா இவரோட தங்கச்சிதான் ஞானத்தாய். மாமியார்கிட்ட ஒத்துக்கிட்டேன். என்னால வேற ஒண்ணும் பண்ண முடியல."

ஒட்டிலிக்குப் பிள்ளை கிடையாது. அந்தக் குழந்தையைக் கையில் ஏந்தித் ஞானஸ்நானத் தொட்டியருகே நிற்கவேண்டும் என்று பனிக்காலம் முழுக்க ஆசைப்பட்டிருந்தாள். இரவு வாயில் ஒரு துணியைக் கட்டிப் பழகிக்கூடப் பார்த்தாள். துணிக்குள்ளேயும் பேச்சு வந்தது.

விடிவதற்கு முன் மண் குடத்தோடு போனாள். வாய்க்காலில் தண்ணீர் இல்லை. சேறு மட்டும் மினுமினுத்தது. அவள் வீட்டுக் கடிகாரத்தில் ஐந்து ஆக இன்னும் நேரம் இருந்தது. வானம் வெளுக்க ஆரம்பித்திருந்தது. மதகுக்கு ஓடினாள்.

இடது பலகை இறங்கியிருந்தது. வலது பலகை தூக்கியிருந்தது. பக்கத்தில் கிளெமென்ஸ், பூட்ஸும் தொப்பியுமாக, புகைக்குழாயை வாயில் வைத்துப் புகைத்துக்கொண்டு நின்றான்.

"வா ஒட்டிலி. ஈஸ்டர் வாழ்த்து," என்றான். "என் மணி ஆறாகப் போகுது. ராத்திரி ரெண்டு மணிய மூணுன்னு வச்சிக்கணும்னு தலைநகரம் பான்ல சட்டம் போட்டுட்டாங்க. இந்த வருஷத்துலேருந்து கோடை நேரமாம். ரேடியோவுல சொன்னானே, கேக்கலையா?"

ஒட்டிலிக்கு அப்போதுதான் விளங்கியது. ராத்திரி காணாமல் போன அந்த ஒரு மணி நேரம் அவள் முறையில் இருந்தது. வாயைத் திறந்தாள். ரெகினாவின் முகம் நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டாள்.

அப்போது கோயில் மணி ஐந்து அடித்தது. ஒட்டிலி ஒரு விரலைத் தூக்கி அந்தத் திசையைக் காட்டினாள்.

"அதை யாரும் இன்னும் மாத்தல," என்றான் கிளெமென்ஸ். "சட்டம்னா சட்டம். அந்த ஒரு மணி நேரம் எங்க போச்சுன்னு என்னைக் கேட்டா? நானா எடுத்து வச்சிருக்கேன்?"

அவள் குடத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்தாள்.

கிளெமென்ஸ் வடக்கே கடலோரத்திலிருந்து வந்து இங்கே பெண் கட்டியவன். முப்பது வருஷம் ஆகியும் ஊர் வழக்கம் அவனுக்குப் பாதிதான் தெரியும். குடத்தைத் தன் மண்டையில் உடைக்கக் கொண்டுவந்திருக்கிறாள் என்றே நினைத்தான்.

"சரி, திட்டு. திட்டித் தொலை. ஏன் இப்படிப் பாக்குற? உடம்பு சரியில்லையா?"

ஒட்டிலியின் கழுத்து நரம்பு புடைத்தது. உள்ளே எத்தனை வசவுகள் முட்டி மோதின என்பது அவளுக்குத்தான் தெரியும். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கிளெமென்ஸின் புகைக்குழாய் அணைந்துபோனது.

"அழாதே. அழுதா எனக்கு ஆகாது. உனக்கு யாரோ சொல்லிட்டாங்க, அதான? ஆமா, அந்த ஓட்டைய நான்தான் போட்டேன். என் பக்கத்துப் பலகையில. பூச்சி அரிச்சிருச்சின்னு நான் சொன்னது பொய். உன் முறையில கொஞ்சம் எனக்கும் கசியட்டும்னுதான். எட்டு வருஷமாச்சு."

எட்டு வருஷமாக அந்தப் பூச்சிக்காக மருந்து வாங்கித் தடவியவள் ஒட்டிலி. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. குடத்தைக் கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டாள்.

"வேணாம், அப்படி நிக்காதே," என்று கிளெமென்ஸ் பதறி வலது பலகையை இறக்கினான். இடதைத் தூக்கினான். "எடுத்துக்கோ. ஒரு மணி நேரமும் எடுத்துக்கோ. பலகையும் புதுசா போட்டுத் தர்றேன்."

வீசெல் சலசலவென்று அவள் வாய்க்காலுக்குள் ஓடியது. ஒட்டிலியும் அதோடு ஓடி, கலங்கல் தெளிந்ததும் குடத்தை நிரப்பினாள். அவள் நிமிரும்போது சூரியன் இன்னும் குன்றைத் தாண்டவில்லை.

வாசலில் ஃபைட் காத்திருந்தான். "மதினி, பாவாடை பின்னாடி கிழிஞ்சிருக்கு," என்றான். அவள் நடந்தாள். "மதினி, கடையில ரொட்டியெல்லாம் கருகிப் போச்சாம்." அவன் காலை மிதித்துக்கொண்டே உள்ளே போனாள்.

வீட்டுக்குள் வந்தபின் பேசலாம். ஆனால் ஒட்டிலி தன்னையே நம்பவில்லை. தண்ணீர் குழந்தையின் தலையில் படும்வரை வாயைத் திறப்பதில்லை என்று இருந்துவிட்டாள். ரோஸ்விதா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பென்னோ மட்டும், "பெரியம்மா ஏன் பேசல, பெரியம்மாவுக்கு நாக்கு இல்லையா?" என்று அவளுக்கும் சேர்த்துப் பேசினான்.

கோயிலில் பாதிரியார் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள், ஒரு சொல் கூடுதல் இல்லை. ஊரே திரும்பித் திரும்பிப் பார்த்தது. கடைசி வரிசையில் கிளெமென்ஸ் தொப்பியைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்திலிருந்தவர் பேசாமல் மொள்ளும் தண்ணீர் விஷயத்தை அவன் காதில் சொன்னார். யாரும் கேட்காமலே ஓட்டையை ஒத்துக்கொண்டது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

ரெகினா ஒட்டிலியின் கையில் கனமாக, வெதுவெதுப்பாக இருந்தாள். பாதிரியார் வீசெல் தண்ணீரை அள்ளி ஊற்றினார். அவ்வளவுதான், குழந்தை வீறிட்ட வீறலில் கோயில் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் வீறிட்டது.

"பேசாத தண்ணின்னு சொன்னீங்களே மதினி," என்றான் ஃபைட்.

"காலையிலேருந்து நான் முழுங்கினதெல்லாம் பின்ன எங்கடா போகும்?" என்றாள் ஒட்டிலி. குழந்தையை மார்போடு அணைத்து உச்சியில் முத்தமிட்டாள். பிறகு நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டு கடைசி வரிசைப் பக்கம் திரும்பினாள்.

கிளெமென்ஸ் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தான்.