சென்ற வாரம் போலவே

அந்த அலுவலகத்தின் பெயர்ப்பலகை இரண்டு வருடத்தில் இரண்டு முறை மாறிவிட்டது. முதலில் நதிப் போக்குவரத்துத் துறை. பிறகு நீர்வழி வாரியம். இப்போது சாலையையும் சேர்த்துக் கட்டி, ஒரு வரியில் அடங்காத ஏதோ ஒரு பெயர். பலகை எழுதுகிறவனுக்குத்தான் நல்ல காலம். உள்ளே இருந்த பதினான்கு பேரில் மிஞ்சியது இரண்டே பேர்: வாசலில் ஒரு காவலாளி, ஆற்றின் ஆழத்தை அளக்கிற அவள். படகுக்காரர்கள் அவளை ஆழக்காரி என்பார்கள். இருபத்தாறு வருடமாக அதுதான் பேர். அவளுக்கும் அதில் ஒரு பெருமை உண்டு, வெளியே சொல்லிக்கொள்ள மாட்டாள்.

வாரம் ஒரு முறை அளவைப் படகில் போய் ஆழத்தை அளந்து, வியாழக்கிழமை அறிக்கை ஒட்ட வேண்டும். அதைப் பார்த்துத்தான் எவ்வளவு சரக்கு ஏற்றலாம் என்று படகுக்காரர்கள் முடிவு செய்வார்கள். நிதி இல்லையென்று தலைமை அலுவலகம் அந்த அளவைப் படகை இழுத்துக்கொண்டு போய்ப் பதினோரு வாரம் ஆகிறது. படகு இல்லாமல் எப்படி அளப்பது? அதற்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. அளக்க முடியாத வாரங்களில் பழைய எண்ணையே போட்டு, 'சென்ற வாரம் போலவே' என்று எழுதிக்கொள்ளலாமாம். ஆறு என்ன சுவரில் அடித்த ஆணியா, போன வாரம் இருந்த மாதிரியே இந்த வாரமும் இருக்க? ஆனாலும் எழுதினாள். படகைக் காணோமே என்று கேட்டவர்களிடம், வாடகைப் படகில் போய் அளக்கிறேன் என்று சொல்லிவைத்தாள். ஆழக்காரி சொன்னால் மறுபேச்சு ஏது?

தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொள்ள அவளிடம் ஒரு நியாயமும் இருந்தது. ஆழம் தெரியாது என்று எழுதினால் சரக்கு ஓடக் கூடாது, அது விதி. ஒரு மாதம் ஓடாவிட்டால் ஆற்றின் இந்தப் பகுதியே பராமரிப்புப் பட்டியலிலிருந்து போய்விடும். எப்போது மூடலாம் என்று மேலே காத்துக்கொண்டிருக்கிறார்கள். அதை அவள் கையாலேயே மூடிக் கொடுப்பதா?

திங்கட்கிழமை பேருந்தில் பாலத்தைக் கடக்கும்போதுதான் அந்த நாரையைப் பார்த்தாள். ஆற்று வளைவில், படகு வழியைக் காட்டும் மிதவைக்குப் பக்கத்திலேயே, கால் பாதி நனைய ஹாயாக நின்றுகொண்டிருந்தது. அவளுடைய அறிக்கைப்படி அந்த இடத்தில் மூன்று மீட்டர் ஆழம். போன மாத வெள்ளம் மணலைக் கொண்டுவந்து கொட்டியிருக்க வேண்டும். இறங்கியதும் மண்டல அதிகாரிக்குத் தொலைபேசி போட்டாள்.

"நாரையெல்லாம் ஒரு ஆதாரமாம்மா? நிதி வரட்டும், அளந்துக்கலாம்," என்றார் அவர். அவர் தலையில் மூன்று ஆறு, நானூறு சாலை. பாவம், சரக்குப் படகைப் படத்தில்தான் பார்த்திருப்பார்.

வியாழக்கிழமை மதியம் தம்பி வந்தான். கூடப்பிறந்தவன், சொந்தமாகச் சரக்குப் படகு ஓட்டுகிறவன். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, பெரிய ஆர்டர் கெடச்சிருக்கு. சிமென்ட். நாளைக்குக் காலைல முழு லோடு ஏத்திட்டுக் கெளம்புறேன். பரீட்சை முடிஞ்சிடுச்சுன்னு உன் மருமகளும் கூட வரேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா."

"முழு லோடா?"

"பின்ன? நீதானே மூணு மீட்டர்னு போட்டிருக்க!"

அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். "டேய், பாதி ஏத்து. கால்வாசின்னாலும் சரி."

"நல்லா இருக்கே கதை! ஆர்டர் வேற எவனுக்காச்சும் போயிடும். என்ன விஷயம், சொல்லு."

மென்று விழுங்கிப் பார்த்தாள். முடியவில்லை. "நான் அளக்கலடா. பதினோரு வாரமா அளக்கவே இல்ல. வளைவுல மணல் ஏறியிருக்கு."

விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தவன், அவள் முகத்தைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"மத்தவங்களுக்குச் சொன்னியா?"

"உனக்கு மட்டும்தான். நீ என் தம்பி."

"அப்போ மீசை?" மீசை அவனுடைய சிநேகிதன், இன்னொரு படகுக்காரன். "நாளைக்கு எனக்குப் பின்னாடியே அவனும் வரான். எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. நான் அவன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்? இதுக்கு நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சொல்லாம விட்டுட்டு, நீ புள்ளையோட தரை தட்டி நிக்கிறத நான் வேடிக்கை பாக்கணுமா?"

"அவனுக்கும் சொல்லு."

"சொன்னா ஆறே மூடிடும்டா! உன் பொழப்பும் சேந்துதான்."

அவன் கைப்பேசியில் மீசையின் எண்ணை அழுத்தி அவள் கையில் கொடுத்தான். மணி அடித்தது.

"நான் ஆழக்காரி பேசுறேன். நாளைக்கு ஏத்தாதீங்க. அந்த மூணு மீட்டர் நான் அளந்தது இல்ல. வாடகைப் படகுன்னு சொன்னதும் பொய்."

அந்தப் பக்கம் இஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மீசை மெதுவாகச் சொன்னான்.

"போன வாரம் வளைவுல அடியில ஏதோ உரசுச்சுக்கா. பொண்டாட்டி, கைக்குழந்தை எல்லாம் கூட இருந்தாங்க. பக்குன்னு ஆயிடுச்சு. அப்புறம் நீங்க அளந்ததாச்சே, மரக்கட்டையாத்தான் இருக்கும்னு நெனச்சு வேகத்தைக் கூட்டிட்டேன்."

அவளுக்கு அவமானத்தில் காது மடல் வரை சுட்டது. "மன்னிச்சிடுங்க," என்றாள். அவன் வைத்துவிட்டான்.

அச்சடித்து வைத்திருந்த அறிக்கையைக் கிழித்துப் போட்டாள். புதுத் தாளில் பெரிய எழுத்தில் எழுதினாள்: 'அளக்கவில்லை. ஆழம் தெரியாது.' தம்பி அதை வாங்கி இரண்டு முறை படித்தான்.

"ஆர்டர் போச்சு," என்றான்.

"போச்சு."

அவன் வெளியே போய் அறிவிப்புப் பலகையில் அதை ஒட்டினான். அவள் படகுகளின் பட்டியலை மேசைமேல் விரித்தாள். இன்னும் முப்பது பேர் இருந்தார்கள். முதல் எண்ணை அழுத்தி, மணி அடிப்பதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.