அணுப்பி வைத்தவர்

1

தலைப்பில் பிழை இருக்கிறது. தெரியும். இத்தனை வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியே சோறு தின்கிறவளுக்கு, 'அனுப்பி' என்பதற்கு எந்த 'ன' போடவேண்டும் என்று தெரியாதா? தயவுசெய்து ஆசிரியருக்குக் கடிதம் எழுதிவிடாதீர்கள். அந்தப் பிழை எப்படி அங்கே வந்து உட்கார்ந்தது, நான் ஏன் அதை இன்னும் விரட்டவில்லை என்பதுதான் கதை.

கதைக்குக் காரணம் ஒரு சிவப்புப் பென்சில். வெளிநாட்டுச் சரக்கு. வழவழப்பான தாளிலும் பிடிக்கும், அழுத்தினால் முனை உடையாது, ஈர விரல் பட்டாலும் கலையாது. திடீரென்று இங்கே வருவது நின்றுவிட்டது. கடைக்காரரிடம் சண்டையே போட்டேன். "இப்பல்லாம் யாரும்மா பென்சில்ல திருத்துறாங்க?" என்றார். நான் திருத்துகிறேன். என்னிடம் மிச்சமிருந்த கடைசித் துண்டை ஒரு பேனா மூடியில் செருகிக்கொண்டு, அது தீர்ந்தால் என்ன செய்வேன் என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பைண்டிங் அக்கா சொன்னாள்.

"அங்க எங்க வீட்டுக்காரர் இருக்காரு, புரூஃப்மா. என்ன பென்சில்னு சொல்லுங்க, வாங்கி அனுப்புவாரு."

(இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதை அடிக்கப்போகிறேன்.)

பைண்டிங் அக்கா என்னைவிடச் சின்னவள். அச்சகமே அக்கா என்று கூப்பிடுவதால் எனக்கும் அக்கா. அவள் புருஷனும் முன்பு அவளோடு மடிக்கும் மேசையில் ஃபாரம், அதாவது அச்சான பெரிய தாள், மடித்தவர்தான். தலை நிமிராத மனிதர். ஏஜெண்டு ஒருவரைப் பிடித்து வெளிநாடு போனார். போனார் என்பதுவரை எல்லோருக்கும் தெரியும்.

2

கதையை எப்படித் தொடங்குவது என்று மூன்று தடவை முயன்றேன்.

முதல் தொடக்கம்: மடிக்கும் மேசையின் மேல் அவள் விரல்கள் —

வேண்டாம். விரல்களில் தொடங்கும் கதைகளைத் திருத்தித் திருத்தி எனக்கு அலுத்துவிட்டது.

இரண்டாவது: ஒரு நாட்டில் கிடைக்காத பொருளை இன்னொரு நாட்டில் இருக்கும் மனிதரைக் கொண்டு வாங்கும்போது, நாம் உண்மையில் வாங்குவது அந்த மனிதர் மீதான —

இது கட்டுரை. போதும்.*

மூன்றாவது: தையல் மெஷின் நின்ற நாள். இது பரவாயில்லை, இதையே வைத்துக்கொள்கிறேன்.

எங்கள் அச்சகத்தின் தையல் மெஷின் வெளிநாட்டில் செய்தது. அதற்குள்ளே ஒரு சின்ன ஸ்பிரிங் அறுந்தது. அந்த மாதிரி மெஷினையே கம்பெனி செய்வதை விட்டுவிட்டதாம். மெஷின்காரர் கடை கடையாக ஏறி இறங்கினார். தைக்காத புத்தகங்கள் கூரை வரைக்கும் ஏறின. பைண்டிங் அக்கா அறுந்த ஸ்பிரிங்கைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, "அங்க கேட்டுப் பாக்குறேன்" என்றாள். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நாளில் புது ஸ்பிரிங் வந்தது. அங்கே ஊருக்கு வெளியே பழைய மெஷின்களை உடைத்து விற்கிற ஒரு கொட்டகையில் தேடிப் பிடித்ததாகச் செய்தி. மெஷின்காரர் ஆடாத குறைதான்.

அதற்குப் பிறகு அச்சகமே வாடிக்கையாளர் ஆகிவிட்டது. கணக்கருக்குத் தட்டைப் பாதத்துக்கான செருப்பு அட்டை, முதலாளிக்குப் பழைய கைக்கடிகாரத்தின் கண்ணாடி. கடையில் பொருளைப் படம் எடுத்து, 'இதுவா, பக்கத்தில் இருப்பதா?' என்று கேட்டு, பொறுமையாக வாங்கிவிடுவார் அந்த மனிதர். வருவதெல்லாம் அசல். பென்சிலும் அசல்தான், சீவிப் பார்த்தேன்.

இன்னொன்றும் நடந்தது. எங்கள் ஃபோர்மேனின் நடத்தை மாறியது.

அதுவரைக்கும் அவர் மடிப்பு நேராக இருக்கிறதா என்று பார்க்கும் சாக்கில் அக்காவின் பின்னால் வந்து நிற்பார். "இப்படி அழுத்தணும்மா" என்று அவள் கைமேல் தன் கையை வைத்து அழுத்துவார். அவள் கையை உருவிக்கொண்டு பசை வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். மறுநாள் அவர் மறுபடி வருவார். புருஷன் போய் வருஷமாகிறது, ஆள் இல்லாத வீடு என்று அவருக்கு ஒரு கணக்கு. ஸ்பிரிங் வந்த நாளோடு அந்தக் கணக்கு தப்பிவிட்டது. "அவ புருஷன் பெரிய ஆளாயிட்டான்போல" என்றார் டீ குடிக்கும்போது. அதன் பிறகு மேசையிலிருந்து ஒரு கை தூரம் தள்ளியே நின்றார்.

* எங்கள் தொழிலில் அடித்த சொல் மறுபடி வேண்டுமென்றால், அதன் கீழே புள்ளி புள்ளியாக வைத்து, ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதுவோம். இந்தப் பத்தியை அப்படித்தான் விட்டுவைத்திருக்கிறேன்.

3

எனக்குச் சந்தேகம் பிறவிக்குணம். "உனக்குக் கல்யாணப் பத்திரிகை குடுக்கவே பயமா இருக்குடி, பிழை பாத்துத் திருப்பி அனுப்பிடுவ" என்பார் என் வீட்டுக்காரர். சும்மா இருந்திருக்கலாம். பென்சில் கிடைத்தால் போதாதா? இருக்க முடியவில்லை.

பென்சில் விஷயமாக அந்த மனிதரின் எண்ணிலிருந்து எனக்கு வந்த முதல் செய்தி இது: 'மேடம் கடை மூடியிருக்கு. திங்கள்கிழமை வாங்கி அணுப்புறேன்.'

மூன்று சுழி. சரி, எல்லோரும் செய்கிற தப்பு. ஆனால் அன்றைக்கு மாலை பைண்டிங் பகுதி வழியாகப் போனபோது, ஒரு கட்டின் மேல் அக்கா செருகியிருந்த துண்டுச்சீட்டு கண்ணில் பட்டது. 'மூணாம் ஃபாரம் இன்னும் அணுப்பவில்லை.'

ஒரே தப்பு, இரண்டு கையில்.

புருஷன் பெண்டாட்டி ஒரே மேசையில் வேலை பார்த்தவர்கள். ஒருவர் தப்பு இன்னொருவருக்கு ஒட்டியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த நாள் அந்த எண்ணை அழைத்தேன். யாரும் எடுக்கவில்லை. உடனே செய்தி மட்டும் வந்தது: 'வேலையில இருக்கேன் மேடம்.'

பிறகு ஒரு சோதனை செய்தேன். என் அறை ஜன்னலிலிருந்து மடிக்கும் மேசை தெரியும். அக்காவைப் பார்த்துக்கொண்டே அந்த எண்ணுக்கு 'பென்சில் இன்னொரு டஜன் கிடைக்குமா?' என்று அனுப்பினேன். அவள் இரண்டு கையும் பசைக்குள் இருந்தன. பதில் வந்துவிட்டது: 'கேட்டுப் பாக்குறேன் மேடம்.' சே, எவ்வளவு அல்பமாக யோசித்துவிட்டேன் என்று வெட்கமாகப் போயிற்று.

ஆனாலும் மறுநாள் மறுபடி சோதித்தேன். இந்தத் தடவை பதில் வரவே இல்லை. அக்கா கை கழுவப் போனாள். பதில் வந்தது.

இப்போது சொல்லுங்கள், என்னை மட்டும் குற்றம் சொல்வீர்களா?

4

அப்புறம் அந்தப் பெட்டி.

பார்சல் அவள் வீட்டு விலாசத்துக்கு வரும். மேலுறையை வீட்டிலேயே பிரித்துவிட்டு, உள்பெட்டியை மட்டும் அச்சகத்துக்குக் கொண்டுவருவாள். தபால் முத்திரையை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. பார்க்கவேண்டும் என்று தோன்றியதுகூட இல்லை.

பென்சில் வந்த பெட்டிக்குள் ஒரு காகித உறை இருந்தது. அதன் மூலைகள் புத்தக அட்டைக்கு மடிப்பதுபோல மடித்திருந்தன. வெளியே துளிகூடப் பிதுங்காத மடிப்பு. ஒட்டிய ஓரத்தைப் பிரித்தேன். காய்ந்த பசையில் லேசான நீலம்.

எங்கள் அச்சகத்தில் பசையை அக்காதான் காய்ச்சுவாள். மாவைக் கரைத்து, பூச்சி அரிக்காமலிருக்க அதில் கொஞ்சம் மயில்துத்தம் போடுவாள். காய்ந்தால் ஓரத்தில் நீலம் பூக்கும். நம் அச்சகப் பசை கடல் தாண்டிப் போய்விட்டுப் பென்சிலோடு திரும்பி வந்ததா? எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே மடிக்கும் மேசைக்குப் போனேன். கேட்டுவிடுவது என்ற முடிவோடுதான் போனேன்.

அங்கே ஃபோர்மேன் இருந்தார். ஒரு கை தூரத்தில்.

"என்னம்மா, வீட்டுக்காரர் எப்ப வர்றாராம்? ரொம்ப நாளாச்சே."

"வருவாங்க சார்."

"வருவாங்க வருவாங்கன்னுதான் சொல்ற. ஆளக் காணோமே." சிரித்தார். அரை அடி முன்னால் வந்தார்.

என் வாய் அதற்குள் திறந்துவிட்டது. "அக்கா, இந்தப் பசை —"

அவள் என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

"இந்தப் பசை நல்லா ஒட்டியிருக்கு" என்றேன். "அங்கேயிருந்து இவ்வளவு தூரம் வந்தும் பிரியவே இல்ல பாரு. உன் வீட்டுக்காரர் கெட்டிக்காரர்தான்."

ஃபோர்மேன் அந்த அரை அடியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

5

இந்த இடத்தில்தான் கதை நின்றுவிட்டது. எழுத உட்கார்ந்தால் அக்கா என்கிற பாத்திரமே எனக்குப் பிடிபடவில்லை. பொய்க்காரியா? ஏமாந்தவளா? சந்தேகம் தீராமல், பென்சில் பேச்சு வந்த அன்று அவள் என்னதான் சொன்னாள் என்று மெஷின்காரரிடம் போய்க் கேட்டேன். அவர் அப்போது பக்கத்தில் நின்றவர்.

"'அங்க நமக்கு ஆளு இருக்கு, வாங்கி அனுப்புவாங்க'ன்னுச்சு."

"வீட்டுக்காரர்னு சொல்லலையா?"

"வேற யாரு இருப்பா அங்க? வீட்டுக்காரர்தான?"

ஆக, முதல் பகுதியில் நான் எழுதிய வரி தப்பு. அதை இப்போது அடிக்கிறேன். அவள் சொன்னது 'ஆளு இருக்கு'. புருஷன் என்று மொழிபெயர்த்துக்கொண்டது நாங்கள். 'ஆளு இருக்கு' என்றால் ஆணா, பெண்ணா? 'அனுப்புவாங்க' என்றால் ஒருவரா, பத்துப் பேரா? நம் பேச்சு எதையும் காட்டிக்கொடுக்காது. (இளவட்டங்களிடம் கேட்டால் 'ஆளு இருக்கு' என்பதற்கு வேறு அர்த்தமும் சொல்வார்கள். அந்தப் பக்கம் நான் போகவில்லை.)

என்னால் முடிந்த முடிவுகள் மூன்று.

ஒன்று: புருஷன் அங்கேயேதான் இருக்கிறார். மடிப்பும் பசையும் அவருக்கும் தெரிந்த வேலைதானே? மயில்துத்தம் அங்கேயும் கிடைக்கும். வேலை நேரத்தில் போன் எடுக்கமாட்டார். எல்லாம் என் கோணல் புத்தி.

இரண்டு: ஏஜெண்டு ஏமாற்றிவிட்டான். அவர் விமானமே ஏறவில்லை. வெட்கத்தில் பக்கத்து ஊரில் எங்கோ ஒண்டிக்கொண்டு, அங்கே இருக்கும் வேறு யார் யாரையோ பிடித்துப் பொருள்களை வரவழைக்கிறார். பசையை அவருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவள் அக்கா.

மூன்று: அவர் போனார், அப்படியே போய்விட்டார். அக்காவே யாரோ முகம் தெரியாத ஒருவரை அங்கே தேடிப் பிடித்து, வருவதைப் பிரித்து, தன் பசையால் மறுபடி ஒட்டி, புருஷன் பெயரில் எங்களிடம் நீட்டுகிறாள். ஸ்பிரிங்கும் செருப்பு அட்டையும் எங்களுக்கு. அவளுக்கு அந்த ஒரு கை தூரம்.

மூன்றாவதை மட்டும் ஒரு சொல்கூட அடிக்காமல் ஒரே மூச்சில் எழுதினேன். அதனால் அதுதான் உண்மை என்று ஆகிவிடாது. இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

6

இந்தப் பத்திரிகை எங்கள் அச்சகத்தில்தான் அச்சாகிறது. அதாவது இந்தக் கதையை அக்காதான் மடிக்கவேண்டும். ஃபோர்மேனும் படிப்பார். அவளைக் கேட்காமல் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. இதுவரை எழுதியதை மதியச் சாப்பாட்டு வேளையில் அவளிடம் கொடுத்தேன். இதோடு எங்கள் சிநேகம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அவள் உதடு அசைய மெதுவாகப் படித்தாள். படித்து முடித்ததும் பழக்கதோஷத்தில் தாள்களைத் தட்டி, நேராக்கி, பாதியாக மடித்தாள்.

"மூணு முடிவு வெச்சிருக்கீங்க."

"எது சரின்னு நீ சொன்னா மத்த ரெண்டையும் அடிச்சிடறேன். இல்ல, கதையே வேண்டாம்னாலும் கிழிச்சுப் போட்டுடறேன்."

"எதுக்குக் கிழிக்கணும்? அவரு என் கைமேல கை வெச்சத எழுதியிருக்கீங்கல்ல, அது அச்சுல வருமா?"

"வரும்."

"அப்ப வரட்டும். மூணையும் வைங்க புரூஃப்மா. ஒண்ணையும் அடிக்காதீங்க."

"ஃபோர்மேன் படிப்பாரே அக்கா. மூணாவத நம்பிட்டாருன்னா?"

"முதல்ல இருக்கறதும் நெசமா இருந்துட்டா என்ன பண்றதுன்னு பயம் இருக்கும்ல? ரெண்டாவதுன்னா ஆளு பக்கத்து ஊருலயே இருக்காரு, அது இன்னும் பயம்." தாள்களை என் கையில் கொடுத்தாள். "எதுன்னு தெரியாத வரைக்கும் தள்ளித்தான் நிப்பாரு. யோசிச்சுக்கிட்டே இருக்கட்டும்."

தாள்களை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அப்போதும் என் புத்தி போகவில்லை, பாருங்கள். "எங்கிட்டயாவது சொல்லக்கூடாதா?" என்று கேட்டேன்.

"நீங்க கத எழுதறவங்க" என்று சிரித்துவிட்டுப் பசை கிளறப் போனாள்.

7

சாயங்காலம் அந்த எண்ணிலிருந்து செய்தி வந்தது.

'கதை நல்லா இருக்கு மேடம். பென்சில் ஒரு டஜன் அணுப்பியாச்சு.'

கதையைப் படித்தவள் அவள் ஒருத்திதான். போனில் புருஷனுக்குப் படித்துக் காட்டியிருக்கலாம். புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்ளமாட்டார்களா என்ன? அல்லது.

அந்த 'அல்லது'வுக்குப் பிறகு எழுதியதை எல்லாம் அடித்துவிட்டேன். தலைப்பில் இருந்த 'ணு'வையும் பழக்கத்தில் அடித்து 'னு' போட்டேன். அப்புறம் அந்த 'னு'வை அடித்து, பழைய எழுத்தின் கீழே புள்ளி புள்ளியாக வைத்து, ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதினேன். அவர் அனுப்பிய, அல்லது அவள் அனுப்பிய, அல்லது யாரோ அனுப்பிய அதே பென்சிலால்தான்.

கதையின் முடிவை வாசகரிடம் விடுவதாகத்தான் இருந்தேன். விடுகிறேன். ஆனால் எல்லா வாசகர்களிடமும் இல்லை. ஃபோர்மேன் சார், இந்த ஃபாரம் மெஷினைவிட்டு இறங்கியதும் முதல் தாளைக் கையில் எடுத்துப் பார்ப்பது நீங்கள்தான். மூன்றில் எது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அவசரமில்லை, நிதானமாக யோசியுங்கள்.

கொஞ்சம் தள்ளி நின்று யோசியுங்கள்.