தெற்கு மூலையில் மீன்

மீன் இருக்கும் இடத்தைக் காட்ட மிஷின் வாங்குகிறவன் முட்டாள் என்று யாராவது சொன்னால், சுந்தர்சிங் ஆகிய நான் சண்டைக்குப் போவேன். ஏனென்றால் எங்கள் அருமனைப் பக்கத்தில் அதை முதலில் வாங்கிய ஆள் நான்தான். மஸ்கட்டிலிருந்து திரும்பிய வருஷம் கொண்டுவந்தது. சாம்பல் நிறத் திரை, நீள வயர், வயர் நுனியில் சோப்புக்கட்டி மாதிரி ஒன்று. அதைத் தண்ணீரில் இறக்கினால் திரையில் மீன் படம் வரும், பீப் என்று சத்தம் வரும். இருபது வருஷமாக பீப் அடிக்கிறது. அதை வைத்து எத்தனை மீன் பிடித்தாய் என்று கேட்பவர்களுக்கு என் வீட்டில் சாயா கிடையாது.

போன மாதம் எனக்கு மீன் நிஜமாகவே தேவைப்பட்டது. என் மனைவி சத்தியபாய்க்கு முட்டில் ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம். பயிற்சி கொடுக்க வரும் லிஜா, "முற்றத்துல பத்து அடி நடங்கோ அம்மா" என்று தினமும் கெஞ்சினாள். "விழுந்துருவேன்" என்பாள் இவள், அவ்வளவுதான். இப்போது நடக்காவிட்டால் கால் அப்படியே இறுகிப் போகும் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். நாற்பது வருஷம் என்னை ஓட ஓட விரட்டியவள், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. அதைச் சொல்ல என்ன வெட்கம்?

ஒரு நாள் அவளாகவே வாய் திறந்தாள். "குளத்து விரால் குழம்பு இருந்தா ரெண்டு வாய் தின்னுவேன்."

விரால் தின்றால் அறுத்த புண் ஆறும் என்பது ஊரறிந்த விஷயம். தின்றால் தெம்பு வரும், தெம்பு வந்தால் நடப்பாள். மிஷினையும் தூண்டிலையும் தூக்கிக்கொண்டு தென்னந்தோப்புக்குப் பின்னால் இருக்கும் எங்கள் குளத்துக்குப் போனேன்.

அங்கே எனக்கு முன்னால் ஜாஸ்பர் நின்றான். சத்தியபாயின் தங்கை புருஷன், துபாயிலிருந்து லீவில் வந்தவன். ஆரஞ்சுப் பழம் போல ஒரு உருண்டையைக் குளத்தில் எறிந்துவிட்டு செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். போனில் சிவப்பும் மஞ்சளுமாக என்னவோ ஓடியது.

"அண்ணே, ஒங்களுக்க மிஷினை மியூசியத்துல வையுங்கோ. இதுல மீனுக்க நீளம் வரைக்கும் தெரியுமாக்கும்."

"நீளம் தெரிஞ்சு என்ன செய்யப் போறலே? சட்டை தைக்கவா?"

ஆனால் பாருங்கள், பழைய மிஷினும் புது மிஷினும் ஒரே இடத்தைக் காட்டின. தெற்கு மூலை, ஆறடி ஆழம். என் திரையில் மீன் மேல் மீனாக அடுக்கியிருந்தது, பீப் நிற்கவே இல்லை. அவன் போனில் அந்த இடம் முழுக்கச் சிவப்பு.

எதிர்க்கரையில் எங்கள் ரப்பர் மரங்களுக்குப் பால்வெட்டும் பகவதியப்பன் உட்கார்ந்திருந்தான். கையில் ஒரு மூங்கில் கம்பு, தூண்டில் நரம்பு, தக்கை, மண்புழு. பத்து மணிக்குள் அவன் வாளியில் இரண்டு விரால் துள்ளின.

"அண்ணே, இதை அக்காவுக்குக் கொண்டுபோங்கோ."

"வேண்டாம். எனக்க கையால பிடிச்சுத்தான் அவளுக்குக் கொடுக்கணும்" என்றேன். கொழுப்பு, வேறென்ன.

மூன்று நாள் அந்த மூலையிலேயே கிடந்தோம். ஒரு கொத்துகூட இல்லை. "உங்க பீப் சத்தத்துல மீன் பயப்படுது" என்றான் ஜாஸ்பர். "உனக்க செண்டு நாத்தத்துல செத்தே போயிருக்கும்" என்றேன் நான்.

மூன்றாம் நாள் என் தூண்டில் இழுத்தது. கம்பு வில்லாக வளைந்தது. "விடாதீங்கோ அண்ணே!" என்று ஜாஸ்பர் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். இரண்டு பேரும் மூச்சு முட்ட இழுத்தோம். கரைக்கு வந்தது ஒரு பழைய வலைமூட்டை. உள்ளே கறுத்து அழுகிய கதம்பை, அதாவது தேங்காயின் நார்மட்டை. குபுகுபுவென்று குமிழிகள் கிளம்பின. நாற்றம் என்றால் அப்படியொரு நாற்றம். இந்தச் சவத்துக் குமிழிகளைத்தான் இரண்டு மிஷினும் மூன்று நாளாக மீன் என்று எண்ணியிருக்கின்றன.

"அது அக்கா கயிறு திரிக்கதுக்கு ஊறப்போட்ட கதம்பை" என்றான் பகவதியப்பன். "ஆப்பரேசனுக்கு முந்தி நான்தான் முக்கிவச்சேன்."

"பாவி, இதை மூணு நாளா ஏன் சொல்லல?"

"ரெண்டு மிஷின் சொல்லுது, நான் ஒரு ஆளு என்ன சொல்ல?"

அப்போது தோப்புக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"எவம்லே எனக்க கதம்பையில கைவச்சது?"

சத்தியபாய்! பிடித்து நடக்கும் கம்பிச் சட்டத்தை வீட்டிலேயே போட்டுவிட்டு, மாடு விரட்டும் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தாள். வீட்டிலிருந்து நூற்றைம்பது அடி இருக்கும்.

"நாத்தம் கட்டில் வரைக்கும் வருது! ஆறு மாசம் ஊற வேண்டியதை ரெண்டே மாசத்துல தோண்டி எடுத்திருக்கியளே, ஒங்களுக்கெல்லாம் மண்டையில மூளையா, சகதியா?"

"அக்கா, நீங்க நட..." என்று ஜாஸ்பர் வாயைத் திறந்தான். அவன் காலை ஓங்கி மிதித்தேன். நடக்கிறோம் என்ற நினைவு வந்தால் பயந்து அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். என் கண்ணில் நீர் முட்டியது. நல்லவேளை, கதம்பை நாற்றம் என்று சொல்லிக்கொள்ள முடிந்தது.

எங்களைத் தண்ணீரில் இறக்கி, மூட்டையைத் திரும்ப முக்கவைத்து, மேலே கல்லும் ஏற்றவைத்த பிறகுதான் ஓய்ந்தாள். பிறகு பகவதியப்பன் வாளியை எட்டிப் பார்த்தாள்; அன்றைக்கும் இரண்டு விரால் பிடித்துப் போட்டிருந்தான். "அந்த ரெண்டையும் வீட்டுக்குக் கொண்டா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். மத்தியானம் குழம்பு ஊற்றி ஒரு தட்டுச் சோறு தின்றாள்.

கை கழுவும்போது சொன்னாள்: "நீங்க மட்டும் இன்னொருக்க அந்த மூலைக்குப் போய்ப் பாருங்கோ, நான் அங்க வந்து யாருன்னு காட்டுதேன்."

மறுநாள் காலை மிஷினை அலமாரியில் பூட்டினேன். பகவதியப்பனிடம் ஒரு மூங்கில் தூண்டில் வாங்கிக்கொண்டு, நேராகத் தெற்கு மூலைக்குப் போய்க் கதம்பைக்கு மேலேயே முள்ளைப் போட்டேன்.

"அண்ணே, அங்க மீன் கெடையாது, கதம்பையாக்கும் கெடக்கு" என்றான் பகவதியப்பன்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லு மக்கா" என்றேன். "வீட்டுக்குக் கேக்கட்டும்."